லா ஹோயாவின் மணல் வாய்: ஒரு சிறு கடலடிப் பள்ளத்தாக்கின் நிகழ்வு ஆய்வு

1968 நவம்பர் 24. தெற்குக் கலிபோர்னியாவின் லா ஹோயா கரைக்கு வெளியே, ஸ்கிரிப்ஸ் கடலடிப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில், நாற்பது மீட்டரைச் சற்றே தாண்டிய ஆழத்தில் ஒரு நீரோட்டமானி பொருத்தப்பட்டிருந்தது. கடலிலிருந்து கரையை நோக்கிப் புயல்காற்று வீசிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் அடியில் நீர் மேலும் கீழுமாக ஊசலாடியது. ஊசலாட ஊசலாட, கீழ்நோக்கிய வீச்சு மட்டும் கூடிக்கொண்டே போனது. விநாடிக்கு 190 செ.மீ. என்ற வேகத்தைக் குறித்த பிறகு பதிவு நின்றுவிட்டது. கருவியையே கடல் கொண்டுபோய்விட்டது.

190 செ.மீ. என்றால் மணிக்கு ஏழு கி.மீ.கூட இல்லை. விறுவிறுவென்று நடப்பவரின் வேகம்தான். ஆனால் கடல்நீர் காற்றைவிட ஏறத்தாழ 850 மடங்கு கனமானது. எதிரே நிற்கும் பொருளின்மேல் விழும் தள்ளுவிசை அடர்த்தியோடும் வேகத்தின் இருமடியோடும் கூடும். கணக்குப் போட்டால், நடைவேகத்தில் வரும் அந்த நீரின் அடி மணிக்கு 200 கி.மீ. வேகச் சூறைக்காற்றின் அடிக்குச் சமமாகிறது. மணலும் கலந்திருந்தால் இன்னும் ஏறும். ஆகவே கருவி போனதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கின் தலையில் எந்த ஆறும் வந்து கலப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது. மண்ணை ஆழ்கடலுக்கு அனுப்பும் பள்ளத்தாக்கு என்றதும் காங்கோ போன்ற பேராறு ஒன்று அதற்குத் தீனி போடுவதாகவே கற்பனை செய்கிறோம். இங்கே தீனி போடுவது கடற்கரை.

இடமும் உருவமும்

ஆங்கில எழுத்தைப் பார்த்து லா ஜோல்லா என்று படிக்கத் தோன்றும். ஊரார் சொல்வது ஸ்பானிய முறைப்படி லா ஹோயா. சான் டியேகோவின் வடபகுதியில் இருக்கும் இந்தக் கரையையொட்டி இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. வடக்கே இருப்பது ஸ்கிரிப்ஸ். குறுகலான பாறைப் பிளவு அது. சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன, சில இடங்களில் தலைக்குமேல் கவிந்தும் தொங்குகின்றன. தெற்கே இருப்பது லா ஹோயா. அதன் தலை அகன்ற கிண்ணம்போல இருக்கும். சுவர்கள் களிமண் கலந்த மென்மையான படிவுகள். கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியே ஸ்கிரிப்ஸின் கிளைகள் தொடங்கிவிடுகின்றன. சுமார் 300 மீட்டர் ஆழத்தில் அது லா ஹோயாவோடு சேர்கிறது. அங்கிருந்து ஒரே தடமாக இறங்கி, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கும் சான் டியேகோ தாழி என்ற கடலடித் தாழ்நிலத்தில் விசிறிபோல விரிந்த படிவில் முடிகிறது. தலையிலிருந்து விசிறியின் விளிம்புவரை ஏறத்தாழ நாற்பது கி.மீ. காங்கோ பள்ளத்தாக்கில் 2020 ஜனவரியில் ஓடிய ஒரே ஒரு கலங்கல் ஓட்டம், அதாவது மண் கலந்து கனத்த நீரின் பாய்ச்சல், 1,100 கி.மீ.க்கும் மேல் போனது. அதோடு ஒப்பிட்டால் இது ஒரு வாய்க்கால்.

ஆனால் இந்த வாய்க்காலுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் அதன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. கடலடி நிலவியலின் முன்னோடியான பிரான்சிஸ் ஷெப்பர்ட் பல ஆண்டுகள் இதன் தலையை மீண்டும் மீண்டும் ஆழம் பார்த்தார். ராபர்ட் டில் போன்றவர்கள் மூச்சுக்கருவி அணிந்து உள்ளே இறங்கினார்கள். கரையிலிருந்து படகில் சில நிமிடங்களில் போய்ச் சேரக்கூடிய பள்ளத்தாக்குகள் உலகில் அதிகம் இல்லை. அதிலும் பல பத்தாண்டுகள் ஆட்கள் விடாமல் துருவிப் பார்த்தவை மிகச் சில. இந்த ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டதன் காரணம் அதுதான்.

மணல் எங்கிருந்து வருகிறது

வடக்கே டானா முனையிலிருந்து தெற்கே லா ஹோயாவரை ஏறத்தாழ எண்பது கி.மீ. நீளக் கரையை ஒரே கணக்குப் புத்தகமாகப் பார்க்கலாம். ஓஷன்சைடு கரைமணல் வட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். சான்டா மார்கரிட்டா, சான் லூயிஸ் ரே, சான் டியேகிட்டோ முதலிய சிற்றாறுகள் கொண்டுவருவதும், கரையோரச் செங்குத்துப் பாறைகள் இடிந்து விழுவதும் வரவு. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்கிறது. பருவத்துக்கு ஏற்ப வடக்கும் தெற்கும் போய் வந்தாலும், ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் தெற்கு நோக்கியே மிஞ்சுகிறது. மிஞ்சுவது ஆண்டுக்கு லட்சம் கன மீட்டர் என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது.

லட்சம் கன மீட்டர் என்று எழுதிவிட்டால் ஒன்றும் உறைக்காது. லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரம் லாரி. ஞாயிறு, விடுமுறை எதுவும் பார்க்காமல் நாளொன்றுக்கு 27 லாரி மணல். இவ்வளவும் தெற்கே வந்து லா ஹோயாவின் பாறை முனையில் முட்டுகிறது. முனையைச் சுற்றிப் போக வழியில்லை. பக்கத்திலேயே இரண்டு வாய்கள் திறந்திருக்கின்றன.

வாய் திறந்திருப்பதோடு நிற்கவில்லை. பள்ளத்தாக்கு மணலைத் தன்பக்கம் இழுக்கவும் செய்கிறது. ஆழம் கூடினால் அலையின் வேகமும் கூடும். நீண்ட அலை ஒன்று பத்து மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் பத்து மீட்டர் போகிறது என்றால், நாற்பது மீட்டர் ஆழத்தில் அது இருமடங்கை நெருங்கும். எனவே பள்ளத்தாக்கின்மேல் வரும் அலைமுகடு முந்திக்கொண்டு ஓட, இரண்டு பக்கங்களிலும் மேட்டின்மேல் வரும் பகுதி பின்தங்குகிறது. முகடு வளைகிறது. பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே உள்ள கரையில் அலையாற்றல் சிதறிப்போய்க் கடல் அடங்கிக் கிடக்கும். சற்றுத் தள்ளி அதே ஆற்றல் குவிந்து அலை மலைபோல எழும். லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரையில் அலைச்சறுக்குப் பழகுகிறவர்கள் நிற்பதும், வடக்கே பிளாக்ஸ் கடற்கரையில் தேர்ந்தவர்கள் மட்டும் இறங்குவதும் இந்த ஒரே காரணத்தால்தான். கடலியலாளர் வால்டர் மங்க்கும் மெல்வின் டிரெய்லரும் 1947இலேயே இந்தக் கரையை வைத்து அலை வளைவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதில் மணலுக்கு என்ன வேலை? அலை பெரிதாக உடையும் இடத்தில் கரையோர நீர்மட்டம் சற்று உயர்ந்து நிற்கும். அலை சிறிதாக இருக்கும் இடத்தில் தாழ்ந்திருக்கும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கரையோரமாகவே ஓடி, அடங்கிய பகுதியை எட்டியதும் கடல்பக்கம் திரும்பி வெளியேறும். வெளியேறும் அந்த ஓட்டம் மணலையும் கொண்டுபோகிறது. போகிற திசையில் இருப்பது பள்ளத்தாக்கின் தலை. தன் உருவத்தாலேயே தனக்குத் தீனி வரவழைத்துக்கொள்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. ஆறு இல்லாத குறை இப்படித் தீர்கிறது.

தலையில் காத்திருப்பு

பாடப்புத்தகப் படங்களில் கரையிலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பிப் பள்ளத்தாக்கு வழியே நேராக ஆழ்கடலுக்குப் போகும். அந்த அம்புக்குறிதான் நம்மைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். உள்ளே இறங்கிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. மணல் தன் பயணக் காலத்தின் பெரும்பகுதியைச் சும்மா கிடப்பதில்தான் கழிக்கிறது.

ஸ்கிரிப்ஸின் ஒரு கிளைக்குள் கிடப்பதைக் கையில் அள்ளிப் பார்த்தால் அது வெறும் மணலாக இராது. கரையோரப் பாறைகளில் வளரும் கடற்புல்லும், கெல்ப் என்னும் பெரும்பாசியும் புயலில் பிய்ந்து உருண்டு வந்து குறுகிய தலைக்குள் விழுகின்றன. அவற்றின்மேல் நுண்மணல் படிகிறது. மறுபடி ஓர் அடுக்குப் புல், மறுபடி மணல். வைக்கோலைக் குழைத்து மண்சுவர் எழுப்புவதுபோல, இழைகள் மணலைப் பிணைத்துவிடுகின்றன. தனி மணல் முப்பது பாகைச் சரிவுக்குமேல் நில்லாது. இந்தப் புல்மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்கும். ஆகவே தலைக்குள் தாங்கக்கூடிய அளவுக்கு மேலேயே சரக்கு ஏறிவிடுகிறது.

பிறகு புல் அழுகத் தொடங்கும். அழுகலில் வாயு உண்டாகும். இழை அறுந்து பிடிப்புத் தளர, துளைகளில் வாயு உட்கார, அடுக்கின் வலு மெல்ல மெல்ல வடிகிறது. வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. நேற்றுவரை தாங்கிய அதே சரிவு இன்று தாங்காது. அந்த நேரத்தில் ஒரு பேரலைத் தொடர் வந்தால் மொத்தமும் சரிகிறது. ஷெப்பர்டின் பழைய ஆழக் கணக்குகளில் இது பளிச்சென்று தெரிகிறது: மாதக்கணக்கில் தலை கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்துகொண்டே வரும், திடீரென்று ஒரு புயலுக்குப் பின் அளந்தால் பல மீட்டர் ஆழம் கூடியிருக்கும். மறுபடி நிரம்பத் தொடங்கும்.

சரிவுக்கும் சரிவுக்கும் இடையில் மணல் அசையாமலா கிடக்கிறது? அதுவும் இல்லை. தலையில் நிரம்பிய படிவு ஒட்டுமொத்தமாக மெதுவாகக் கீழே ஊர்வதை டில் கவனித்தார். படிவில் நட்டுவைத்த கம்பிகள் இடம் பெயர்ந்ததிலிருந்து அது உறுதியானது. பனியாறு மலையை அரைத்துக்கொண்டு இறங்குவதை ஒத்தது இந்த ஊர்தல். கற்களைச் சுமந்தபடி நகரும் மணல் பாறைச் சுவரின் அடியைத் தேய்க்கிறது. சுவரின் கீழ்ப்பகுதி வழவழப்பாகக் குடையப்பட, மேற்பகுதி கவிந்து தொங்குகிறது. ஸ்கிரிப்ஸின் தொங்கும் சுவர்களுக்கு இது ஒரு நல்ல விளக்கம். பள்ளத்தாக்குகளை வெட்டியது யார் என்ற பெரிய சண்டையில் கண்மூடித்தனமான பாய்ச்சல்களைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். நாளுக்குக் கொஞ்சமாக ஊரும் இந்த மணல் ரம்பத்தைப் பேச ஆள் குறைவு.

அந்தச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மண் கலந்த கனமான நீர் கடலடியில் ஓடிப் பள்ளத்தாக்குகளை அறுத்திருக்கலாம் என்று 1936இல் சொன்னவர் நிலவியலாளர் ரெஜினால்டு டேலி. அடுத்த ஆண்டே பிலிப் குவீனன் தொட்டியில் அதைச் செய்து காட்டினார். பள்ளத்தாக்கின் வாசலிலேயே வாழ்ந்த ஷெப்பர்ட் மட்டும் எளிதில் மசியவில்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் வெட்டியவை இவை என்ற பக்கமே அவர் நீண்ட காலம் சாய்ந்திருந்தார். தினமும் பார்ப்பவருக்குத்தான் சந்தேகம் அதிகம். அவர் இறக்கிய கருவிகள் பெரும்பாலான நாட்களில் காட்டியதெல்லாம் சாதுவான ஊசலாட்டம்.

ஊசல் எப்போது பாய்ச்சலாகிறது

ஷெப்பர்டும் கூட்டாளிகளும் பல பள்ளத்தாக்குகளில் அளந்தார்கள். எங்கும் ஒரே கதை. பள்ளத்தாக்கின் அடியில் நீர் சில மணி நேரம் மேல்நோக்கிப் போகும், சில மணி நேரம் கீழ்நோக்கி வரும். ஆழமான இடங்களில் இந்த மாற்றம் கடல் ஏற்றவற்றத்தின் பன்னிரண்டரை மணிச் சுழற்சியை ஒட்டி நடக்கும். மேலே போகப் போக இடைவெளி சுருங்கும். வழக்கமான வேகம் விநாடிக்குச் சில பத்து செ.மீ. நுண்மணலை உருட்ட இது போதும், ஆனால் முன்னே தள்ளியதைப் பின்னே இழுத்துவிடுவதால் நிகர நகர்வு சொற்பம். சேறும் களியும் மட்டும் மிதந்தபடி கொஞ்சம் தூரம் போகும்.

மணல் மிதந்து போகாதா என்று கேட்கலாம். 0.2 மி.மீ. மணல்மணி அசையாத நீரில் விநாடிக்குச் சுமார் 2 செ.மீ. வேகத்தில் விழும், நாற்பது மீட்டர் ஆழத்தை அரைமணி நேரத்தில் கடந்து தரை தட்டிவிடும். மாறாக, ஆயிரத்தில் இரண்டு பங்கு மி.மீ. அளவுள்ள களித்துகள் தனியாகவே விழுமானால் ஆயிரம் மீட்டர் இறங்கச் சுமார் ஒன்பது ஆண்டு எடுக்கும். களி ஓட்டத்தின் தயவில் எங்கே வேண்டுமானாலும் போகும். மணல் போக வேண்டுமென்றால் யாராவது தள்ளியாக வேண்டும்.

1968 நவம்பர் பதிவின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. டக்ளஸ் இன்மனும் நார்ட்ஸ்டிராமும் ஃபிளிக்கும் 1976இல் தொகுத்துக் கூறிய விளக்கம் இது: கரைநோக்கிய காற்று நீரைக் கரையில் குவித்து வைக்கிறது. உயர்ந்த அலைகள் கூட்டம் கூட்டமாக வந்து மோத, குவிந்த நீரின் மட்டம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பு பள்ளத்தாக்குக்குள் மேலும் கீழுமான ஊசலாகப் புகுகிறது. ஒவ்வொரு கீழ்வீச்சும் கொஞ்சம் மணலைக் கிளப்பும். மணல் கலந்த நீர் கனத்துப்போவதால் அடுத்த மேல்வீச்சு அதை முழுதாகத் திருப்பிக் கொண்டுவர முடியாமல் திணறும். கீழ்வீச்சு மேலும் கிளப்பும். ஒரு கட்டத்தில் ஈர்ப்புவிசை கடிவாளத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஊசல் நின்று ஒரே போக்காகக் கீழே பாய்கிறது.

கனம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துவிடலாம். கடல்நீரின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு மணல் கலந்தால் கலவை சுற்றியுள்ள நீரைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு கனமாகிறது. நீர் பத்து டிகிரி குளிர்ந்தால் கூடும் கனமோ ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே. குளிர்ந்த நீர் மட்டுமே சரிந்து ஓடிக் கடலடியைப் பெருக்கித் தள்ளும் இடங்களும் உலகில் உண்டு; மத்தியதரைக் கடலின் கேப் டி க்ரியூஸ் பள்ளத்தாக்கில் 2005 குளிர்காலத்தில் அது கருவிகளில் பிடிபட்டது. மணல் கலந்த நீரின் பலம் அதைவிட எத்தனை மடங்கு என்பதை இந்த இரு எண்களும் சொல்லிவிடும்.

ஒரே ஒரு பாகைச் சரிவில்

தலையைத் தாண்டிக் கீழே போனால் படம் மாறுகிறது. பாறைப் பிளவின் செங்குத்து முடிந்து, தடத்தின் சரிவு ஏறத்தாழ ஒரு பாகைக்கு வந்துவிடுகிறது. கி.மீ.க்குப் பதினேழு மீட்டர் இறக்கம். சைக்கிள் ஓட்டுபவர் கவனிக்காமலேயே கடந்துவிடும் சரிவு. இதில் மணல் எப்படிப் பாயும்?

சார்லஸ் பால் தலைமையில் 2013இல் வெளியான ஆய்வு, தானியங்கி நீர்மூழ்கியின் சோனார் என்னும் ஒலியலைக் கருவி கொண்டு லா ஹோயாத் தடத்தின் பகுதிகளை ஒரு மீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் வரைந்தது. தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கியை இறக்கிக் கிட்டப்போயும் பார்த்தது. தடத்தின் தரை முழுக்க இறுகாத மணல். தலைக்கு அருகே கண்டத்திட்டில், அதாவது கரையையொட்டிய ஆழம் குறைந்த கடலடி மேடையில், கிடக்கும் மணலின் அதே சாயல். தரையெங்கும் பிறைநிலா வடிவ மேடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மணலுக்குள் அண்மைக்காலத் தாவரத் துண்டுகள் புதைந்து கிடந்தன. தடம் இப்போதும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பள்ளத்தாக்கு வெட்டிச் சென்ற மென்படிவுகளின் வயதோ எங்கும் 12.32 லட்சம் ஆண்டுக்குள் அடங்கிவிட்டது. அப்படியானால் பள்ளத்தாக்கு அதைவிட இளையது.

என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒரு தற்செயல். மணலின் மாதிரி எடுப்பதற்காக அதிரும் குழாய் ஒன்றைத் தரையில் செலுத்தியபோது, சுற்றியிருந்த மணல் குழைந்து நீராகிச் சரிவில் வழிந்து ஓடியது. ஒரு பாகைச் சரிவில், ஒரு குழாயின் அதிர்வுக்கு. மாதிரி எடுக்கப் போனவர்களுக்கு ஒரு சோதனையே நடந்து முடிந்துவிட்டது.

இதன் உள்கதை கடற்கரையில் நின்றவர்களுக்குப் பழக்கமானதுதான். ஈர மணலில் நின்று பாதங்களை மாற்றி மாற்றி அழுத்தினால், கெட்டியாக இருந்த மணல் களியாகிக் கால் புதையும். தளர்வாக அடுக்கப்பட்ட மணல்மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து சுமையைத் தாங்குகின்றன. அதிர்ந்தால் அந்தத் தொடுகை விட்டுப்போகிறது. மணிகள் நெருங்கப் பார்க்கின்றன. இடையில் இருக்கும் நீர் உடனே வெளியேற வழியில்லாமல் சுமை அதன் தலையில் விழுகிறது. நீர் கசிந்து வெளியேறும்வரை அந்த மணல் ஒரு கனமான திரவம். திரவத்துக்கு ஒரு பாகை தாராளம்.

வடக்கே மான்டரே பள்ளத்தாக்கில் 2015 அக்டோபர் முதல் பதினெட்டு மாதங்கள் நடந்த கூட்டு ஆய்வு இதே எண்ணத்துக்கு வலு சேர்த்தது. மான்டரே பெரியது, லா ஹோயாவோடு நேரடியாக வைத்துப் பார்ப்பது முறையல்ல. ஆனாலும் அதன் தலையும் கரையை ஒட்டியே இருக்கிறது, தடத்தில் அதே பிறை மேடுகள் இருக்கின்றன. அங்கே ஓட்டங்களின் முகப்பு விநாடிக்கு 7.2 மீட்டர் வரை போனது. 800 கிலோ எடையுள்ள சட்டகம் விநாடிக்கு 4 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் இழுத்துச் செல்லப்பட்டது. மேலே கலங்கல் மேகம், அடியில் அடர்ந்த மணல்குழம்பு என்று அந்த ஓட்டம் இரண்டு அடுக்காக இருப்பதாக ஆய்வாளர்கள் ஊகித்தார்கள்: முன்னே போகும் மேகத்தைத் துரத்திக்கொண்டு குழம்பு வருகிறது; அந்தக் குழம்பு, தடத்தின் தரையே எழுந்து நடப்பதால் உண்டாவது. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. எல்லா ஓட்டங்களுக்கும் புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ காரணமாக அமையவில்லை. லா ஹோயாவின் அழுகும் புல் அடுக்குகளை அறிந்தவருக்கு இது அவ்வளவாகத் திகைப்பூட்டாது. சரக்கு பழுத்துவிட்டால் சிறு தூண்டுதலே போதும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் வந்த முடிவு இது. நாற்பது கி.மீ. பயணத்தை எந்த மணல்மணியும் ஒரே மூச்சில் முடிப்பதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தலையில் கிடந்து, ஊர்ந்து, சரிந்து, தடத்தில் ஒரு பிறை மேட்டில் ஒதுங்கி, அடுத்த குழம்பில் கிளம்பி, இன்னொரு மேட்டில் மறுபடி ஒதுங்கி என்று சத்திரம் சத்திரமாகத் தங்கிப் போகிற வழிப்போக்கன் அது. தலையில் ஒரு புயல் எழுப்பும் பாய்ச்சல் விசிறிவரை எட்டியாக வேண்டும் என்றில்லை. விசிறிக்குப் போய்ச் சேரும் மணல் எந்தப் புயலின் மணல் என்று கேட்பதே பல சமயம் பொருளற்ற கேள்வி.

கடல்மட்டம் சொன்னதும் இது செய்ததும்

கடல்மட்டம் தாழ்ந்திருக்கும் பனியூழிக் காலங்களில்தான் ஆழ்கடல் விசிறிகள் வளரும், மட்டம் உயர்ந்தால் தூங்கிவிடும் என்பது நிலவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இன்றைய கண்டத்திட்டில் பெரும்பகுதி அப்போது நிலம். ஆறுகள் அதைக் கடந்துபோய் ஓஷன்சைடு, கார்ல்ஸ்பாட் பள்ளத்தாக்குகளின் தலையிலேயே மண்ணைக் கொட்டின. விதி பொருந்துகிறது. மட்டம் உயர்ந்து கரை நிலப்பக்கமாக உள்வாங்கியதும் அந்த இரண்டும் கரையிலிருந்து விலகிப்போய்த் தீனியின்றி அடங்கின. இதுவும் பொருந்துகிறது.

லா ஹோயா மட்டும் விதிக்கு அடங்கவில்லை. அங்கே திட்டு குறுகல். கரை உள்வாங்கியபோதும் பள்ளத்தாக்கின் தலை கரையை விட்டுப் பிரியவில்லை. ஆறுகள் கொட்டிய மண் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குப் போக முடியாமல் கரையோரமாகத் தெற்கே நகர்ந்து, முழுக்க இதன் வாய்க்கு வந்தது. ஜேக்கப் கோவால்ட்டும் மற்றவர்களும் 2007இல் இதை எடுத்துக்காட்டினார்கள்: உயர்ந்த கடல்மட்டக் காலத்திலும் லா ஹோயா விசிறி சுறுசுறுப்பாக வளர்ந்திருக்கிறது. கடல்மட்டம் ஓர் எண்தான். கரைக்கும் பள்ளத்தாக்கின் தலைக்கும் உள்ள தூரமே தீர்மானிக்கிறது. அகன்ற திட்டுள்ள கரைகளில் இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கியதால் வேறுபாடு தெரியாமல் போயிற்று.

இந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாச் சிறு பள்ளத்தாக்குகளுக்கும் சட்டம் போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட கலிபோர்னியாவின் ஈல் பள்ளத்தாக்கில் ஆற்றுச் சேறும் புயலலையும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஸ்பெயினின் பலமோஸ் பள்ளத்தாக்கில் சிவப்பு இறாலுக்காக அடிமடி வலை இழுக்கும் படகுகளே சரிவுகளைக் கலக்கி, வேலை நாட்களில் வேலை நேரத்தில் சேற்றோட்டம் எழுப்புவது கருவியில் பதிவாகியிருக்கிறது. வார இறுதியில் அந்தக் கடலடி அடங்கிவிடுகிறதாம். மீன்பிடித் துறையின் நேர அட்டவணை கடலடிப் படிவில் எழுதப்படுவதை வேறெங்கே பார்ப்பது!

கரைக்காரர்களின் கணக்கு

ஓஷன்சைடு வட்டத்தின் வரவு குறைந்துகொண்டு வருகிறது. ஆறுகளில் அணைகள் வந்தன. 1940களில் ஓஷன்சைடில் கட்டப்பட்ட துறைமுகத் தடுப்புச் சுவர்கள் நகரும் மணலை மறிக்கின்றன. பள்ளத்தாக்கின் பசி மட்டும் குறையவில்லை. 2001இல் சான் டியேகோ வட்டாரத்தின் பன்னிரண்டு கடற்கரைகளில் ஏறத்தாழ 16 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலிலிருந்து எடுத்துக் கொட்டினார்கள். அவற்றுள் ஒன்று பள்ளத்தாக்குக்குச் சற்று வடக்கே இருக்கும் டோரி பைன்ஸ். அங்கே ஏப்ரலில் கொட்டியது சுமார் 1,60,000 கன மீட்டர். நவம்பரில் மூன்று மீட்டர் உயர அலைகள் ஒரு நாள் அடித்தன. கரையில் தெரிந்த மணல்மேடு அத்தோடு போயிற்று. அது நேரே பள்ளத்தாக்குக்குள் விழுந்துவிடவில்லை, கரைக்கு வெளியே நீருக்கடியில் மணல்மேடாகத் தங்கியது. ஆனால் எந்தப் பாதையில் எறியப்பட்டிருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

கரைமணல் வரவுசெலவுக் கணக்குகளில் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. பள்ளத்தாக்கு இழப்பு என்ற வரியில் இருக்கும் எண் பல நேரங்களில் அளந்து எழுதப்பட்டதாக இருப்பதில்லை. வரவையெல்லாம் கூட்டி, கரையில் இருப்பதைக் கழித்து, கணக்கில் இடிக்கும் மிச்சத்தைப் பள்ளத்தாக்கின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண்டு சராசரியாக அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தலை நிரம்பிக்கொண்டிருக்கும் ஆண்டில் ஆழ்கடலுக்கு ஏறக்குறைய ஒன்றுமே போயிருக்காது. அது காலியாகும் வாரத்தில் பல ஆண்டுச் சரக்கு போயிருக்கும். கரையில் மணல் கொட்டுவதற்குத் திட்டமிடுபவருக்கும், கடலடியில் தொலைத்தொடர்புக் கேபிள் பதிப்பவருக்கும் வேண்டியது அந்தச் சராசரி இல்லை. இன்றைக்குத் தலையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, அது எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதே அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அதை அறிய விநாடிக்கு ஏழு மீட்டர் ஓட்டத்தில் கருவியைப் பறிகொடுக்கத் தேவையில்லை. ஸ்கிரிப்ஸின் கிளைகளுக்குள் குறித்து வைத்த அதே புள்ளிகளில் மாதம் ஒருமுறை ஆழம் பார்த்து, அள்ளிய படிவில் புல் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று எழுதி வைத்தால் போதும். ஷெப்பர்ட் படகில் நின்று செய்ததில் பாதி வேலை அது. புயலுக்கு முந்தைய அளவு கையில் இல்லாதவருக்குப் புயலுக்குப் பிந்தைய சோனார் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், போன மணல் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.